செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நம்பர் பிளேட், ஸ்டிக்கர் கடைக்காரர்கள் நலச் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பிரஷ் பிடித்த காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கும் மூத்த அண்ணன்மார்களே, கடையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் கை வைக்கப் போவதில்லை.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆயுத பூஜை மாதத்தில் மட்டும் கூட முடியவில்லை. அந்த வாரம் எந்தக் கடையிலும் தலை நிமிர நேரமிருக்காது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தா நிலுவை, வெயில் காலத்துக்குப் பொதுவாகப் பந்தல் போடுவது, வினைல் ரோலைச் சேர்ந்து வாங்குவது ஆகிய மூன்றையும் பேசினோம், பேசிக்கொண்டே இருக்கிறோம். எல்லாக் கூட்டத்திலும் தவறாமல் வந்து உட்கார்ந்த விஷயம் ஒன்றுதான்: பிளேட்டில் நாம் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

ஆண்டு தொடங்கியதே அதில்தான். ஏப்ரல் மாதம் மக்களவைத் தேர்தல். கட்சி வண்ணத்தில் பிளேட்டுக்கு பார்டர் கேட்டு வந்தவர்களைச் சமாளிப்பதற்குள் தேர்தல் முடிந்தது. அடுத்த வாரமே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பு வந்தது. பிரஸ், போலீஸ், வக்கீல், தலைமைச் செயலகம் என்று வண்டியில் ஒட்டிக்கொள்பவர்கள் மீது மே 2 முதல் நடவடிக்கை என்றார்கள். அறிவிப்பு சென்னைக்குத்தான் என்றாலும் நம்மூர்க் கடைகளில் அதே வாரம் இரண்டு விதமாகக் கூட்டம். ஒரு பாதி, ஒட்டியதைச் சுரண்டி எடுக்க. இன்னொரு பாதி, ‘போலீஸை மட்டும் எடுத்துட்டு, சின்னதா பிரஸ்ஸுன்னு போட்டுருங்கண்ணே’ என்று கேட்க. துறைப் பெயரோ பதவிப் பெயரோ யார் கேட்டாலும் ஒட்டித் தருவதில்லை என்று மே மாதச் செயற்குழு முடிவெடுத்தது. பெரும்பாலான கடைகள் அதைக் காப்பாற்றின. காப்பாற்றாதவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் திரும்ப ஒருமுறை பதிவு செய்கிறேன். ஜூன் மாதப் பயிற்சி வகுப்புக்கு வராதவர்கள்தான் அதிகம் சந்தேகம் கேட்கிறார்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆவது விதி பிளேட் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 51-ஆவது விதி எழுத்தின் அளவைச் சொல்கிறது. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. எழுத்து ஆங்கிலத்தில், எண் 1, 2, 3 என்ற வழக்கமான எண்ணில். வளைத்து நெளித்த எழுத்து, படம், பெயர், அலங்காரம் எதுவும் பிளேட்டுக்குள் வரக் கூடாது.

டூவீலருக்குப் பின்பக்கம் எழுத்து 35 மி.மீ. உயரம், எண் 40 மி.மீ. உயரம். இரண்டுக்கும் கோட்டின் தடிமன் 7, இடைவெளி 5. முன்பக்கம் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ., தடிமன் 5, இடைவெளி 5. பின்னால் இரண்டு வரி: மாநிலமும் ஆர்.டி.ஓ. எண்ணும் மேலே, மற்றவை கீழே. பழைய எக்ஸ்எல் சூப்பர் வைத்திருப்பவர்கள் கேட்டால் இன்னொரு கணக்கும் உண்டு. 70 சி.சி.க்குக் குறைந்த வண்டிக்கு முன்பக்க எழுத்து 15 மி.மீ. போதும், தடிமனும் இடைவெளியும் 2.5. எக்ஸ்எல் சூப்பர் 69.9 சி.சி. என்பதால் அதற்கு இது பொருந்தும். எக்ஸ்எல் 100-க்குப் பொருந்தாது. பார்க்க இரண்டும் ஒரே ஜாடை என்பதால் இதில்தான் குழப்பம்.

இந்த அளவுகளை வெட்டிய பிளாஸ்டிக் அச்சு ஒன்றைச் சங்கச் செலவில் எல்லாக் கடைகளுக்கும் கொடுத்தோம். பிளாட்டர் என்ற ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்கள் அதே அளவைக் கணினியில் ஃபைலாகப் போட்டுக்கொண்டார்கள். பிளாட்டர் இல்லாத மூத்தவர் ஒருவர் அச்சைக் கையில் வாங்கி, தான் நாற்பது வருடமாகப் போடும் எண்ணின் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை விலகவில்லை. ‘எனக்கு எதுக்குப்பா இது’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆண்டு முழுக்க நம்மை அலைக்கழித்தது பாஸ் நம்பர். 8055 கிடைத்தவர்கள் எட்டை ‘பி’ ஆக்கி, இரண்டு ஐந்தையும் ‘எஸ்’ ஆக வளைத்து, பிளேட்டில் ‘பாஸ்’ என்று படிக்கும்படி எழுதித் தரச் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்காகக் கூடுதலாகப் பணம் கட்டியிருப்பார்கள். அதை நாம் நேராக எழுதித் தந்தால் நமக்குத் தொழில் தெரியாது என்று அடுத்த கடைக்குப் போகிறார்கள். இந்த வேலையை எந்த உறுப்பினரும் எடுக்கக் கூடாது. காரணம் அபராதம் மட்டுமில்லை. இன்று பல நகரங்களில் சிக்னலில் எண்ணைப் படிப்பது கேமராதான். எட்டு எது, ‘பி’ எது என்று அது தடுமாறினால் சலான் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். அப்படித் தப்புச் சலான் வந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் டிராபிக் ஸ்டேஷனுக்கும் நடந்த வாடிக்கையாளர்கள் நம் கடைகளுக்கும் வந்திருக்கிறார்கள். பிளேட் விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். முன்பு நூறு ரூபாயாக இருந்தபோது யாரும் சட்டை செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதிய தொகை வசூலாகிறது. இப்போது கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.

அடுத்தது எச்.எஸ்.ஆர்.பி. பிளேட். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட்டைக் கம்பெனியே டீலர் வழியாகத் தந்துவிட வேண்டும். அதனால் புது வண்டி வேலை நம் கையை விட்டுப் போய்விட்டது. அதை நினைத்து ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்புவதில் அர்த்தமில்லை என்பது என் சொந்தக் கருத்து. பதிவேட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பிளேட் எப்படி இருக்கும் என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது. 1 மி.மீ. அலுமினியத் தகடு. டூவீலருக்குப் பின்னால் 200-க்கு 100 மி.மீ., முன்னால் 285-க்கு 45 மி.மீ. இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் உள்ள 20-க்கு 20 மி.மீ. குரோமியம் ஹாலோகிராம். கீழே லேசரில் பொறித்த அடையாள எண். எழுத்துக்கு மேல் ஓடும் ஃபாயிலில் 45 டிகிரி சாய்வில் ‘இந்தியா’ என்ற சொல். பின்னால் மறுபடி கழற்றி மாட்ட முடியாத ஸ்னாப் லாக். காருக்கு முன், பின் பிளேட் தவிர மூன்றாவதாகக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் டூவீலருக்குக் கிடையாது. அது வேண்டும் என்று கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள்.

இதில் உறுப்பினர்களுக்கு வந்த சோதனை வேறு. வாட்டர் வாஷில் பிரஷர் பட்டுப் பட்டு எழுத்தின் கறுப்பு ஃபாயில் சில வண்டிகளில் உரிந்து, அடியிலிருக்கும் வெள்ளை தெரிகிறது. ‘கறுப்பு பெயின்ட் தொட்டுக் குடுங்கண்ணே, அஞ்சு நிமிஷ வேலை’ என்பார்கள். அஞ்சு நிமிஷ வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிளேட்டில் கை வைக்கும் உரிமை நமக்கில்லை. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம்தான் மாற்றுப் பிளேட் வாங்க வேண்டும். தொலைந்துபோனால் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். இதைவிட மோசம், அசோகச் சக்கரமும் நீல ‘ஐ.என்.டி.’ எழுத்தும் அச்சிட்ட போலி ஸ்டிக்கர்கள் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வந்திருப்பது. வண்டியைத் திருடியவனுக்கும் அதே ஸ்டிக்கர்தான் வேண்டும். அவன் பிடிபடும்போது ஒட்டியவர் யார் என்று நம் கடை வாசலில்தான் ஜீப் நிற்கும். அந்தச் சரக்கை விற்கும் உறுப்பினருக்குச் சங்கம் துணை நிற்காது.

‘ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒட்டி வண்டியை ஓட்டலாம் என்ற நம்பிக்கை ஊருக்குள் இன்னும் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த ஸ்டிக்கரையும் நிறுத்துங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றி ஒரு வார்த்தை. சொந்த உபயோக மின் வண்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வாடகை மின் வண்டிக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. பச்சை, வண்டியின் நிறத்தோடு சேரவில்லை என்று வெள்ளைக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

தமிழில் எண் எழுதுவது பற்றி டிசம்பர் கூட்டத்தில் காரசாரமான பேச்சு நடந்தது. ‘த.நா.’ என்று தொடங்கித் தமிழ் எண்ணில் எழுதித் தரக் கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். கேட்பவர்களின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், என் மனசும் அந்தப் பக்கம்தான். ஆனால் விதி ஆங்கில எழுத்தைத்தான் சொல்கிறது. வண்டியில் பிளேட் ஒரு கையகலம். மிச்சம் இருப்பது டேங்க், சைடு பேனல், ஹெட்லைட்டைச் சுற்றிய டூம், வைசர். குறள் எழுதுங்கள், குலசாமி பெயர் எழுதுங்கள், பிள்ளைகள் பெயர் எழுதுங்கள். நல்ல எழுத்துக்காரர் கையில் அந்த டேங்க் எந்தப் பிளேட்டையும்விட அழகாக இருக்கும்.

ஸ்டைல் கேட்டு வருபவரை வெறும் கையோடு அனுப்ப வேண்டியதில்லை என்பதைத்தான் இந்த ஆண்டு முழுவதும் சொல்லி வந்தேன். பிளேட்டைச் சுற்றி மெல்லிய மேட் கறுப்பு ஃபிரேம் போடலாம். ஹாலோகிராமையும் லேசர் எண்ணையும் அது மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். பிளேட் விளக்கை நல்ல வெள்ளை எல்.இ.டி.யாக மாற்றித் தரலாம். பின் எண் 15 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும் என்று விதியே கேட்கிறது. நீலம், சிவப்பு விளக்கு கூடாது. பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு டெயில் டைடி என்ற சின்னப் பிராக்கெட் போடுபவர்கள் பிளேட்டை சீட்டுக்கு அடியில் மல்லாத்திவிடுகிறார்கள். பின்னால் வருபவர் கண்ணுக்கு நேராக நிற்கும்படி பிராக்கெட் வளைத்துத் தருவதும் நம் வேலைதான், அதற்குக் கூலியும் கேட்கலாம். 2019-க்கு முந்தைய வண்டிக்கு எழுதும்போது வெள்ளைத் தகட்டின் தரம், எழுத்தின் நேர்த்தி, வரியின் சமம் இவற்றில்தான் நம் கைவண்ணம். அளவுக்குள் நின்று அழகாக எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ஆயுத பூஜை அன்று இலவசமாகப் பிளேட் துடைத்துவிடும் முகாம் நடத்தினோம். சந்தனமும் குங்குமமும் எண்ணின் மேலேயே அப்பியிருந்தன. வாழைக்கன்று முன் பிளேட்டை முழுதாக மூடியிருந்தது. பொட்டை டூமுக்கு மாற்றி வைத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து அனுப்பினோம். சாமி வண்டியைக் காப்பாற்றும்ணே, எண்ணை ஏன் துடைக்கிறீர்கள் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சந்தனம் காய்ந்து ஹாலோகிராமோடு ஒட்டிக்கொண்டதைச் சுரண்டி எடுக்கும்போது அவருக்கே புரிந்தது. முகாமுக்கு உதவிய தம்பிகளுக்கு நன்றி. டீச் செலவு பொருளாளர் கணக்கில் வருகிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று யோசனைகளை முன்வைக்கிறது. எச்.எஸ்.ஆர்.பி. மாற்றுப் பிளேட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க முடியாத வயதானவர்களுக்கு, கடைகளே நியாயமான கட்டணத்தில் விண்ணப்பம் போட்டுத் தருவது. டேங்க் ஓவியமும் எழுத்துக்கலையும் கற்றுக்கொள்ள விரும்பும் இளையவர்களுக்கு, பிரஷ் பிடித்த மூத்தவர்களை வைத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துவது. பிளேட் அளவு, அபராதம், எழுதக் கூடாதவை அடங்கிய அறிவிப்புப் பலகையை ஒவ்வொரு கடையிலும் மாட்டுவது. வாடிக்கையாளரிடம் நாம் வாயால் சண்டை போடுவதைவிடச் சுவர் சொல்வது மேல். பலகையின் வாசகம் அச்சாகித் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு.

சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள் ஏப்ரல் இறுதிக்குள் கட்டிவிடவும். இந்த அறிக்கையையும் மூன்று யோசனைகளையும் பொதுக்குழு ஏற்றுக்கொண்டு தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். முன்மொழிபவர்கள் பெயரைச் சொல்லலாம்.

இப்படிக்கு,
செயலாளர்