சர்க்கஸ் என்று எழுதும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தாலும், அங்கே ஒரு பிரபலத்தின் வழக்கு நீதிமன்றப் படியேறினாலும், ‘சர்க்கஸ் கூடாரமானது’ என்று எழுதிவிடுகிறீர்கள். அந்நாட்டுப் பத்திரிகைகளில் புழங்கும் ‘மூன்று ரிங் சர்க்கஸ்’ என்ற வழக்கின் வாடை அதில் அடிக்கிறது. எடுத்தாளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் கேளுங்கள்.

1768-ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் தொடங்கிய சர்க்கஸ் காட்சிக்கு வித்தை காட்ட ஒரே வட்டம்தான், அதாவது ஒரே ரிங். அமெரிக்காவில் கூட்டம் பெருகப் பெருகக் கூடாரம் நீண்டது. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடுவில் நடப்பது தெரியவில்லை. வட்டம் இரண்டானது, 1881-ல் பார்னம், பெய்லி என்ற சர்க்கஸ் முதலாளிகள் கைகோத்தபோது மூன்றானது. மூன்றிலும் ஒரே நேரத்தில் வித்தை. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று காசு கொடுத்தவன் திண்டாடினான். அவ்வளவு பெரிய கூடாரத்தில் குரல் எடுபடாததால், வாயடித்துச் சிரிக்கவைத்த கோமாளிகள் ஊமைக் கோமாளிகள் ஆனார்கள். என்னைக் கேட்டால் பெரிய நஷ்டம் அதுதான்.

தலைசுற்றியது பார்த்தவனுக்கு. ஆடியவர்களுக்கு எல்லாம் கணக்கு. விசில் ஊதினால் ஒரு வித்தை முடியும், அடுத்தது உள்ளே வரும். வித்தைக்காரரின் அசைவைப் பார்த்தே இசைக்குழுத் தலைவர் பாட்டை மாற்றுவார். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ரிங்லிங் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. அந்த சர்க்கஸின் இசைக்குழுத் தலைவர் மெர்ல் எவன்ஸின் குழு சட்டென்று ஓர் அணிவகுப்பு இசைக்கு மாறியது. ஆபத்து என்று சர்க்கஸ்காரர்களுக்கு மட்டும் விளங்கும் சங்கேதம் அது. மழைநீர் புகாமலிருக்க மெழுகையும் பெட்ரோலையும் கலந்து பூசிய துணி நிமிடங்களில் எரிந்து விழுந்தது. 160-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூடாரத்தில் அப்படியொரு துணியைக் கட்டியவர்களின் குற்றம் பெரிது. வாசித்தவர்கள் கடைசிவரை தங்கள் வேலையைச் செய்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘சர்க்கஸ்’ என்று எழுதினால், விசில் யார் கையில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். கவனத்தைச் சிதறடிக்கவே மூன்று வட்டம் போட்டு ஆட்டம் காட்டும் அரசியல்வாதி அகப்பட்டால், அந்தச் சொல் அவருக்கு முழுப் பொருத்தம். ஆறு பேரை ஆறு கட்டங்களில் உட்காரவைத்து ஒன்றாகக் கத்தவிடும் உங்கள் இரவு விவாதத்துக்குப் பொருந்தாது. அதற்குச் சந்தைக்கடை என்ற நம் ஊர்ச் சொல்லே போதும். சந்தை வியாபாரிகள் கோபித்துக்கொண்டால், அவர்களும் உங்களுக்கு ஒரு மடல் எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களில் ஒருவர்