அபார்ட்மென்ட் 23: எடுத்த வரிசையிலேயே காட்டுங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சிச் சேனலான ஏபிசியின் நிகழ்ச்சிப் பிரிவினருக்கும், அதன் உரிமையாளரான டிஸ்னியின் தொடர் பட்டியல்களைப் பராமரிப்போருக்கும்,

வணக்கம்.

‘டோன்ட் டிரஸ்ட் த பி---- இன் அபார்ட்மென்ட் 23’ நகைச்சுவைத் தொடரை (சிட்காம்) 2013 ஜனவரியில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அது முடிந்த கதை. எடுத்து வைத்த 26 அத்தியாயங்களும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை எடுத்த வரிசையில் அடுக்கித் தாருங்கள், அவ்வளவுதான்.

நடந்தது உங்களுக்கே தெரியும். முதல் பருவத்துக்கென்று (சீசன்) எடுத்தவை 13. அவற்றில் 2012 ஏப்ரல் 11 தொடங்கி ஒளிபரப்பானவை 7 மட்டுமே. மிச்சம் ஆறையும் இரண்டாம் பருவத்துக்குப் புதிதாக எடுத்த 13 அத்தியாயங்களோடு கலந்துவிட்டீர்கள். தொடரைப் பாதியில் தூக்கியபோது 8 அத்தியாயங்கள் உங்கள் சேனலில் ஒளிபரப்பைக் காணவே இல்லை. அந்தக் குளறுபடிதான் முதல் பருவம் 7, இரண்டாம் பருவம் 19 என்ற கணக்காகப் பட்டியல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிட்காம்தானே, எதை முன்னால் போட்டால் என்ன என்று நினைத்திருப்பீர்கள். இந்தத் தொடருக்கு அது பொருந்தாது. முதல் அத்தியாயத்தையே பாருங்கள். இண்டியானாவிலிருந்து நியூயார்க் வந்த ஜூனுக்கு வேலையும் போகிறது, வீடும் போகிறது. அறை வாடகைக்குத் தரும் க்ளோயி, முன்பணத்தை வாங்கிக்கொண்டு அடாவடி செய்தே ஆளை விரட்டுகிறவள். ஜூன் அழுதுகொண்டு ஓடவில்லை. க்ளோயியின் வீட்டுச் சாமான்களை விற்றுவிடுகிறாள். பிறகு ஜூனின் வருங்காலக் கணவன் துரோகி என்று நிரூபிக்க, அவளுடைய பிறந்தநாள் கேக்கின் மேலேயே அவனோடு படுக்கிறாள் க்ளோயி. அந்தக் கேவலமான உபகாரத்தில்தான் நட்பு பிறக்கிறது. இருவருக்கும் இடையே நம்பிக்கை எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்தடுத்த சிரிப்பு. நட்பு இறுகிய காட்சியைப் பார்த்துவிட்டு ‘அடுத்த அத்தியாயம்’ பொத்தானை அழுத்தினால், இன்னும் ஒருவரையொருவர் எடைபோடும் நாட்களில் எடுத்தது வந்து நிற்கிறது. க்ளோயி வெறும் கொடுமைக்காரியாகவும் ஜூன் வெறும் ஏமாளியாகவும் தெரிகிறார்கள். க்ளோயியாக நடித்த கிரிஸ்டன் ரிட்டரும் ஜூனாக நடித்த ட்ரீமா வாக்கரும் படிப்படியாகக் கட்டியது அங்கே வீணாகிறது.

அமெரிக்கச் சேனல்களுக்கு இது பழகிப்போன காரியம். ‘ஹாப்பி எண்டிங்ஸ்’ முதல் பருவத்தை 2011இல் நீங்களே கலைத்துப் போட்டீர்கள். 2002இல் ஃபாக்ஸ் ‘ஃபயர்ஃப்ளை’யின் தொடக்க அத்தியாயத்தை டிசம்பரில் கடைசியாகக் காட்டியது. கதை புரியாமல் பார்வையாளர் விலகுவார்கள்; ரேட்டிங் இல்லை என்று நீங்கள் தொடரை நிறுத்துவீர்கள். எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் இது அநியாயம். மன்னிக்கவும், கோரிக்கைக்கே வருகிறோம்.

வேலை சின்னது. வீடியோ கோப்பு எதையும் தொட வேண்டாம். எடுத்த வரிசையைக் காட்டும் தயாரிப்பு எண்களைப் பார்த்து, 13, 13 என்று பருவம் பிரித்து, காட்டும் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு கோப்பின் உள் அடையாள எண்ணும் அப்படியே இருக்கட்டும். அதை மாற்றினால் வசன வரிகள் வேறு அத்தியாயத்தோடு ஒட்டிக்கொள்ளும், பாதியில் நிறுத்தியவர்களுக்கு விட்ட இடமும் தொலையும். மாற்றி முடித்ததும், தானாக அடுத்தது ஓடும்போது புது வரிசைப்படியே ஓடுகிறதா என்று முழுக்க ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய வரிசையை அது பிடித்துக்கொண்டிருந்தால் பட்டியலைத் திருத்தியும் பயனில்லை.

தொடரைத் தயாரித்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் டெலிவிஷனும் 2019 முதல் டிஸ்னியிடமே இருக்கிறது. சேனல் ஒரு பக்கம், தயாரிப்பாளர் ஒரு பக்கம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. தயவுசெய்து 26 அத்தியாயங்களையும் எடுத்த வரிசையில் வையுங்கள். ஒளிபரப்பு வரிசையை நீக்க மனமில்லை என்றால், பக்கத்திலேயே ‘தயாரிப்பு வரிசை’ என்று இன்னொரு தெரிவாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
தொடரின் ரசிகர்கள்