மீன் கடைகளில் ‘உயிர்க்கல்’ என விற்கப்படும் பவளங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் சில வண்ணமீன் கடைகளில், மீனோடு மீனாக உயிருள்ள கடினப் பவளங்களும் ‘உயிர்க்கல்’ என்ற பெயரில் கைமாறுகின்றன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்றை விலை கொடுத்து வாங்கி, வளர்க்கத் தெரியாமல் சாகக் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பவளம் என்றதும் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளின் சிவப்பு மணிதான் நம் ஊராருக்கு நினைவு வரும். அது வேறு இனம். நான் வாங்கியது, மூளையின் மடிப்புகளைப் போல வரியோடிய, கைப்பிடியளவுப் பவளம். “கல்லு மாதிரிதான் சார், தண்ணிக்குள்ள வெச்சாப் போதும்” என்றார் கடைக்காரர். எங்கிருந்து வந்தது என்றதற்கு “வெளிநாட்டுச் சரக்கு” என்றார், ரசீதுகூடத் தரவில்லை. அன்றிரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, அந்த வரிகளின் இடுக்குகளிலிருந்து, குண்டூசிப் பருமன்கூட இல்லாத கண்ணாடி போன்ற கைகள் வரிசை வரிசையாக நீண்டு தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன.

பவளம் கல்லன்று, கடலில் வாழும் விலங்கு. அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தாம் வெளிச்சத்தைக் கொண்டு அதன் உணவில் பெரும்பங்கைத் தயாரித்துத் தருகின்றன. தொட்டி நீர் 25, 26 டிகிரி செல்சியஸில் நிலைத்திருக்க வேண்டும்; 30 டிகிரியைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், நீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ இல்லாமல் இது ஆகிற காரியமன்று. மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடும் என்பதால், வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. நீரையே சேர்க்க வேண்டும். நானோ பல வாரங்கள் உப்பு நீரையே ஊற்றி வந்தேன்.

சுண்ணாம்புக் கணக்கு இதைவிட நுட்பமானது. பவளம் தன் கூட்டைக் கட்டிக்கொள்ள, நீரில் கரைந்த கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஓயாமல் உறிஞ்சுகிறது. கடலுக்கு அது ஒரு பொருட்டன்று. வீட்டுத் தொட்டியிலோ லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய கால்சியம் நாள்தோறும் இறங்கிக்கொண்டே போகும். அதை ஈடுகட்டும் பழைய வழிகளுள் ஒன்று, வெற்றிலையில் தடவுகிறோமே, அந்த நீற்றுச் சுண்ணாம்பின் தெளிநீர். ஆனால் அது கலப்பற்ற தூய சரக்காக இருக்க வேண்டும். இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் நீரின் காரம் ஒரேயடியாக ஏறி, தொட்டியிலுள்ள அத்தனையும் மடியும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்தைய மாலை, வீட்டைப் பூட்டிவிட்டுக் கோரிப்பாளையத்தில் உறவினர் வீட்டுக்குப் போனோம். மறுநாள் நண்பகலில் திரும்பியபோது மின்சாரம் இல்லை, பம்பு நின்றிருந்தது, நீர் 34 டிகிரி காட்டியது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, வெப்பம் விரைவில் தணிந்தால் மீளவும் கூடும். என்னுடையது மீளவில்லை. மறுநாள் தசை நூல் நூலாக உரிந்து மிதந்தது. ஒரு வாரத்துக்குள் வெள்ளை ஓட்டின் மேல் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது.

அதன்பிறகே சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் வாங்கியதைப் போன்ற, கடலடியில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றாலும் அதற்கு முறையான இறக்குமதி அனுமதி இருந்தாக வேண்டும். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்களுக்காக அங்கே பவளக்கல்லை வெட்டி எடுத்ததும் உண்டு. 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. இத்தனைக்கும் தப்பியதைப் பெயர்த்து, மூன்று மணி நேரப் பயணத்தில் நம் கூடத்துக்குக் கொண்டுவந்து கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

கடல் தொட்டி வைக்க விரும்புவோருக்கு, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்ந்த கோமாளி மீன்கள் உண்டு; மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அவற்றை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. என் தொட்டியில் இன்று பவளம் இல்லை. மானாமதுரையில் வாங்கிய சுட்ட மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் கோமாளி மீன் இணை ஒன்று குடியிருக்கிறது.

மதுரையிலுள்ள வண்ணமீன் கடைகளை வனத்துறை முறையாகச் சோதிக்க வேண்டும் என்றும், ‘உயிருள்ள பவளம் விற்பனைக்கு இல்லை’ என்ற அறிவிப்பைத் தமிழில் அங்கே வைக்கச் செய்ய வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.