போர் மிரட்டலும் சர்வாதிகாரியின் கணக்கும்: பாதுகாப்புச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐ.நா. பாதுகாப்புச் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போர் நெருங்கும்போதெல்லாம், எதிரில் இருப்பவர் புத்தி பேதலித்தவர், அவரிடம் பேசிப் பயனில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அழிவை யாரும் விரும்பமாட்டார்கள், கெடு விதித்தால் பணிந்துவிடுவார் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் தவறு செய்கிறது என்றே கருதுகிறேன். சர்வாதிகாரி கணக்குப் போட்டே முடிவெடுக்கிறார். ஆனால் அவர் பார்ப்பது நாட்டின் லாப நட்டத்தை அல்ல, தம் பதவிக்கும் உயிருக்கும் எது ஆபத்து என்பதை.

2003இல் அமெரிக்கப் படை எல்லையில் நின்றபோதும் ஈராக் அதிபர் சதாம் உசேன் அதைவிட அஞ்சியது, 1991 மார்ச்சில் தம் ஆட்சியை உலுக்கியதைப் போன்ற உள்நாட்டுக் கிளர்ச்சியைத்தான். அதை அடக்கப் படைகளை அனுப்பப் பாலங்கள் வேண்டுமே என்பதற்காக, எதிரியைத் தடுக்க அவற்றைத் தகர்க்கவும் அவர் தயங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் இது மூடத்தனம். அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் இருந்தது.

அந்தக் கணக்குக்குள் போகும் தகவல்களோ பெரும்பாலும் பழுதானவை. ஜெர்மனி தாக்கப்போகிறது என்று வந்த எச்சரிக்கைகளை தாக்குதல் தொடங்கிய 1941 ஜூன் 22 வரை சோவியத் தலைவர் ஸ்டாலின் நம்பவில்லை. அவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பதை அறிந்த அதிகாரிகள் அதற்கேற்பவே அறிக்கைகளைத் திரித்தார்கள். 1982இல் பிரிட்டன் படையெடுத்து வராது என்று நம்பி அதன் வசமிருந்த ஃபாக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்றிய அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர் கால்தியேரி, தோற்ற சில நாட்களிலேயே பதவியை இழந்தார்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1991 ஜனவரி 9 அன்று ஜெனீவாவில், குவைத்திலிருந்து வெளியேறாவிட்டால் போர் என்று எச்சரித்து சதாமுக்கு அமெரிக்க அதிபர் எழுதிய கடிதத்தை ஈராக் வெளியுறவு அமைச்சர் தாரிக் அசீஸ் நிதானமாகப் படித்துவிட்டு, அதன் நடை ஒரு நாட்டுத் தலைவருக்கு எழுதத் தக்கதன்று என வாங்க மறுத்தார். கடிதம் மேசைமீதே கிடந்தது. எட்டு நாட்களில் குண்டுவீச்சு தொடங்கிவிட்டது. போரை நிறுத்தக்கூடிய ஒரே மனிதரின் கைக்கு அந்த எச்சரிக்கை அன்று நேராகப் போகவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

பணிந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மற்றவர்கள் கவனிக்கிறார்கள். 2003இல் பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிட்ட லிபியத் தலைவர் கடாபி 2011இல் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சிலேயே லிபியாவைச் சுட்டிக்காட்டி, ஆயுதக் களைவு ஒரு பொறி என்று வடகொரியா அறிவித்துவிட்டது.

ஆகவே, அடுத்த முறை கெடு விதிக்கும் தீர்மானத்தில், பணிந்தால் எந்த நடவடிக்கை எந்த நாளில் நிற்கும் என்பதை, மிரட்டலை எழுதும் அதே தெளிவோடு எழுதுங்கள். இடைத்தரகர்களை மட்டும் நம்பாமல், அந்தத் தலைவரையே நேரில் சந்தித்துச் சொல்ல ஒருவரை அனுப்புங்கள். அவர் திரும்பி வந்து உங்கள் அவையில் அறிக்கை அளிக்கும்வரை படைபலத்துக்கு அனுமதி தராதீர்கள்.

இப்படிக்கு,
போரை அஞ்சும் ஒரு குடிமகன்