கடை வாசலில் படுத்த கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டதையும் கடைசி இரண்டு லாரிகளை விற்றதையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். முப்பத்தைந்து வருஷத் தொழிலை இப்படி ஒரு காற்புள்ளியில் முடிக்க உன்னால்தான் முடியும். விலை திருப்தியாக வந்ததா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "முப்பது வருஷம் அமெரிக்காவில் சம்பாதித்துவிட்டுக் கடை வாசலில் வண்டியைப் போட்டுப் படுத்தாயாமே, தங்கச்சி போனில் சொன்னாள்" என்று கிண்டல் செய்திருந்தாய். படுத்தேன். ஒரு ராத்திரி இல்லை, மூன்று ராத்திரி. அதில் ஒரு ராத்திரி துரத்திவிட்டார்கள். லாரி ஓட்டின மனுஷன் நீ, உனக்கு இது பிடிக்கும். விவரமாகவே எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆன கையோடு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று உன் தங்கச்சிக்கு ஆசை. ஓட்டல் சாப்பாடுதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதே. அதனால் அக்டோபரில் ஒன்பது நாளைக்கு ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்தோம். முன்பக்கம் ஃபோர்டு வேனின் மூக்கு, பின்னால் ஒரு பெட்டி வீடு. 25 அடி நீளம், உன் டாரஸ் லாரியை விடக் கொஞ்சம் குட்டை. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. அடியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவின தண்ணீருக்கு ஒன்று, மூன்றாவது எதற்கென்று நீயே புரிந்துகொள். மைலேஜ் கேட்பாய் என்று தெரியும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம்.

இந்த மாதிரி வண்டிக்கு என்றே கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. கரண்ட், தண்ணீர், தொட்டியைக் காலி செய்ய ஒரு குழாய், எல்லாம் கிடைக்கும். நாங்கள் விசாரித்த இடத்தில் ஒரு ராத்திரிக்கு 60 டாலர் சொன்னார்கள். நாலு நாள் தங்கினால் நியாயம். போகிற வழியில் எட்டு மணி நேரம் கண்ணை மூடுவதற்கு, அதுவும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இருட்டில் இடம் தேடிப் போவதற்கு, மனசு வரவில்லை. வண்டிக்குள்ளேயே கட்டில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. வேண்டியதெல்லாம் ஒரு சமதளமும் வெளிச்சமும்தான். அது இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்றால், பெரிய கடைகளின் பார்க்கிங்கில்.

இதில் பேர் போனது வால்மார்ட். அவர்கள் சொல்லிவைத்திருப்பது இவ்வளவுதான்: கரண்ட், தண்ணீர் எதுவும் தரமாட்டோம், இடம் இருந்து, ஊர்ச் சட்டமும் குறுக்கே வராவிட்டால் ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம், சரி சொல்வதும் மறுப்பதும் அந்தந்தக் கடை மேனேஜர் பாடு. நெடுஞ்சாலை ஓரத்து கிராக்கர் பேரல் உணவகங்கள் பலவற்றில் பக்கவாட்டில் நீள வண்டிகளுக்கென்றே கோடு போட்ட இடம் உண்டு. வேட்டைச் சாமான் விற்கும் கபேலாஸ் கடைகள் சிலவற்றில் தொட்டி காலி செய்யவும் வசதி இருக்கிறது.

இப்படிக் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் வண்டியில் தங்குவதை இங்கே பூண்டாக்கிங் என்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக் மொழியில் 'புன்டோக்' என்றால் மலை. அங்கே சண்டை போடப்போன அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்த சொல். மலையில் பிறந்த சொல், கடைசியில் வால்மார்ட் வாசலில் வந்து நிற்கிறது. அதற்குச் செல்லமாக 'வாலிடாக்கிங்' என்று ஒரு பேரும் வைத்துவிட்டார்கள்.

முதல் ராத்திரி அமரில்லோ. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் பிளேனோவிலிருந்து ஏறக்குறைய 580 கிலோமீட்டர். நாலு மணிக்கே போன் போட்டுக் கடை மேனேஜரைக் கேட்டேன். ஒரு அம்மாள் எடுத்தாள். "ஒரே ராத்திரி. தோட்டச் சாமான் பக்கம், கடைசி வரிசை. விளக்குக் கம்பத்தை இடித்துவிடாதீர்கள்" என்றாள். தினமும் பத்துப் பேர் கேட்பார்கள் போல, பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே ஐந்து வண்டிகள். பக்கத்து வண்டியில் ஒரு கிழவர், கூட ஒரு நாய். நான் மடக்கு நாற்காலியைக் கீழே எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தார். "தம்பி, இது பார்க்கிங், கேம்பிங் இல்லை" என்றார். அறுபத்து மூன்று வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உடனே கேட்டுக்கொண்டேன். நாற்காலி போடக்கூடாது. பந்தல் மாதிரி துணி விரிக்கக்கூடாது. அடுப்பை வெளியே வைக்கக்கூடாது. வண்டியை மட்டம் செய்கிற ஜாக்கியை இறக்கக்கூடாது, தார் பள்ளமாகிவிடும். இரண்டாம் நாள் இருக்கக்கூடாது. கடையில் ஏதாவது வாங்கவேண்டும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தரையில் விழக்கூடாது. இது எதற்கும் போர்டு கிடையாது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

உன் தங்கச்சி கொத்தமல்லி வாங்கப்போனாள். 87 டாலர் பில்லோடு வந்தாள், அதில் ஒரு கம்பளி, ஒரு வாணலி. கடைக்காரன் ஏன் இலவசமாக இடம் விடுகிறான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ உடனே திண்ணை, வழிப்போக்கன் என்று ஆரம்பிப்பாய். அவசரப்படாதே. திண்ணைக்காரர் வாணலி விற்கமாட்டார். இது தர்மம் இல்லை, உரிமையும் இல்லை. எப்படியும் ராத்திரியில் காலியாகக் கிடக்கும் தார்த்தரை, நாலு பேர் படுத்துக்கொண்டால் அவனுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை, காலையில் பாலும் ரொட்டியும் அவனிடமே வாங்குவார்கள். அவ்வளவுதான் கணக்கு. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் யாரும் நன்றிக்கடன் படவேண்டாம்.

அமரில்லோ காற்றுக்குப் பேர் போன ஊர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வண்டி தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. மாட்டுப் பட்டிகளின் வாடை வேறு. இரண்டு மணிக்கு 'டொம்' என்று ஒரு சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினால், யாரோ விட்டுப்போன கடைத் தள்ளுவண்டி ஒன்று காற்றில் தானாக உருண்டு வந்து எங்கள் பின்சக்கரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடித்துக் கட்டாந்தரையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், அடுத்தது கிளம்பி வருகிறது. நானும் கிழவரும் லுங்கியும் கோட்டுமாக (லுங்கி என்னுடையது) ஏழு தள்ளுவண்டிகளைத் துரத்திப் பிடித்தோம். மூன்று மணிக்குத் தரை கூட்டும் லாரி வந்தது. அதற்கப்புறம் தூக்கம் ஏது?

இரண்டாவது ராத்திரி அல்புகர்க்கி தாண்டி ஒரு ஊர். ஊர்ப்பேரும் கடைப்பேரும் வேண்டாம். பகலில் இருந்த மேனேஜர் சரி என்றார். ராத்திரி ஒன்றரைக்குக் கதவைத் தட்டுகிறார்கள். செக்யூரிட்டி பையன், இருபத்தைந்து வயது இருக்கும், அவனுக்கே கூச்சம். ஊரில் சட்டம் போட்டுவிட்டார்களாம், பகல் ஆளுக்கு அது தெரியாதாம். "ஐயா, மன்னிக்கணும், இப்பவே எடுக்கணும்" என்றான். உன் தங்கச்சி நைட்டிமேல் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார, நான் அவசரத்தில் சமையல் அலமாரியின் கொக்கியை மாட்டாமல் வண்டியை எடுத்துவிட்டேன். முதல் வளைவிலேயே அஞ்சறைப்பெட்டி பறந்தது. கடுகும் சீரகமும் கூட்டிவிடலாம். மஞ்சள் தூளை என்ன செய்வாய்? நாற்பது நிமிஷம் ஓட்டி ஒரு லாரி நிறுத்தத்தில் மூலை பிடித்தோம்.

அங்கே பார்த்ததைத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இடமே இல்லை. வெளியேறும் பாதையின் ஓரத்திலெல்லாம் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே சரக்கு லாரி டிரைவர் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்தாகவேண்டும். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மெஷினே கணக்கு வைக்கிறது. நாம் டிரிப் ஷீட்டில் எழுதிச் சமாளித்த கதையெல்லாம் நடக்காது. மணி முடிந்தால் நிறுத்தவேண்டும், ஆனால் நிறுத்த இடம் கிடையாது. 2009இல் ஜேசன் ரிவன்பர்க் என்று ஒரு டிரைவர், பால் இறக்கவேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே போய்விட்டார். உள்ளே விடமாட்டார்கள். தென் கரோலினாவில் பூட்டிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் படுத்தவரைச் சுட்டுக் கொன்று பணத்தை எடுத்துக்கொண்டு போனான் ஒருவன். கிடைத்தது 7 டாலர். அவர் மனைவி விடாமல் போராடினார். 2012இல் 'ஜேசன் சட்டம்' என்று அவர் பேரிலேயே லாரி நிறுத்தங்களுக்காக ஒரு சட்டம் வந்தது. இடத் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. அந்தக் கூட்டத்தில், அறுபது டாலர் மிச்சம் பிடிக்க வந்த என் சுற்றுலா வண்டி ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஊர்கள் ஏன் தடை போடுகின்றன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேம்ப்கிரவுண்ட் முதலாளிகளின் மனத்தாங்கல் பழசு. கே.ஓ.ஏ. கேம்ப்கிரவுண்ட் கம்பெனி 1962இல் மொன்டானாவில் பில்லிங்ஸில் தொடங்கியது, அதே 1962இல்தான் ஆர்கன்சாவில் வால்மார்ட்டின் முதல் கடை. ஒரே வயசுக்காரர்கள். நாங்கள் காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இலவசமாக விட்டால் எப்படி என்பது கேம்ப்கிரவுண்ட்காரர்கள் கேள்வி. குப்பை போடுகிறார்கள், தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கடைகளின் புகார். ஒன்றிரண்டு பேர் அப்படிச் செய்வதும் உண்மைதான். ஒரு ராத்திரி என்று சொல்லி ஒரு மாதம் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அதைத் திரும்பி வரும்போது நேரிலேயே பார்த்தேன்.

கேன்யனைப் பற்றி எழுதப்போவதில்லை. படம் அனுப்பியிருக்கிறேன், அதுவும் காணாது. தெற்கு விளிம்பில் காசு கொடுத்தே மூன்று ராத்திரி தங்கினோம்.

திரும்பும் வழியில் இன்னொரு கடை வாசல். இந்தத் தடவை ஊர்ச் சட்டத்தையும் விசாரித்துக்கொண்டுதான் நிறுத்தினேன். உன் தங்கச்சிக்கு ஒரு வாரமாகத் தேங்காய்ச் சட்னி இல்லாத குறை. பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டு மிக்ஸி ஓட்டினாள். பத்து நிமிஷம் இருக்கும். காலையில் ஆறு மணிக்குக் கடை திறந்ததும் கைகால் கழுவப் போனேன். முன்பெல்லாம் வால்மார்ட் மாதிரிக் கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். 2020இல் கொரோனா வந்ததும் நேரத்தைக் குறைத்தார்கள், பிறகு கூட்டவில்லை. இப்போது காலை ஆறுதான் கணக்கு. கடையில் என் கூடவே நுழைந்தாள் ஒரு அம்மாள். என் வயது இருக்கும், கையில் பல் துலக்கும் பை. அவளுடைய வேன் எங்களுக்கு மூன்று இடம் தள்ளி நின்றது. கண்ணாடிகளில் உள்பக்கமாக வெள்ளி நிற அட்டை. நான் பேச்சுக்கு, "நீங்களும் கேன்யனா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லை, எனக்கு எட்டு மணிக்கு வேலை" என்றாள்.

அப்புறம் அவளே கேட்டாள், "நேற்று ஜெனரேட்டர் போட்டது நீங்கள்தானே? அது மட்டும் வேண்டாமே. யாராவது ஒருத்தர் புகார் செய்தால் போர்டு மாட்டிவிடுவார்கள். நீங்கள் இன்றைக்குப் போய்விடுவீர்கள். இங்கே நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம்." கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுவதைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னாள். வாரத்தில் மூன்று கடைகளுக்கு மாற்றி மாற்றிப் போவாளாம், ஒரே இடத்தில் முகம் பதிந்துவிடக்கூடாது என்று. நாற்காலி போடாதே, துணி விரிக்காதே என்று அமரில்லோ கிழவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அவளும் கடைப்பிடிக்கிறாள். எனக்கு அது மரியாதை, அவளுக்கு அது ஒளிவு.

உன் தங்கச்சியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மிக்ஸியைத் துடைத்து டப்பாவில் போட்டவள், வீடு வந்து சேரும்வரை இட்லிப் பொடியோடே ஓட்டிவிட்டாள்.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். உன் டிரைவர்கள் நாக்பூர் தாண்டி ஒரு பங்க்கில்தான் எப்போதும் படுப்பார்கள் என்று சொல்வாயே, அந்த பங்க்காரன் என்ன எதிர்பார்ப்பான்? டீசல் போட்டால் போதுமா, டீயும் குடிக்கவேண்டுமா? டீசல் போடாத வண்டியை விரட்டுவானா? ஞாபகம் இருந்தால் எழுது.

என் தங்கச்சியையும் பேரனையும் கேட்டதாகச் சொல். ஜனவரியில் வருகிறோம். உன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து வை, இந்தத் தடவை வண்டியோடு வரவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் மஞ்சள் கறைக்கு 75 டாலர் பிடித்துக்கொண்டார்கள். கிலோ என்ன விலை மஞ்சள் என்று கேட்டு உன் தங்கச்சி நேற்றுவரை புலம்புகிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்