கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடை நடத்தும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவன். 15 வருடமாக இதே வேலை. சொந்தக்காரர் வீட்டில் எந்த லேப்டாப் மக்கர் பண்ணினாலும் முதலில் என்னிடம்தான் வரும். போர்டு வேலை, டிஸ்பிளே, சார்ஜிங் பின் என்று என் கைக்கு அடங்காததை உங்களிடம் கொடுத்தனுப்புவேன். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது, பரணில் கிடந்த லேப்டாப்பை எல்லாம் நீங்கள் உயிர்ப்பித்துக் கொடுத்துத்தான் எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் படித்தார்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான், கிராக் போடுவதற்காக மெஷினின் வைரஸ் பாதுகாப்பை முடக்கிவிட்டுக் கொடுப்பதைப் பற்றி உங்களிடம் நேராகவே சொல்ல வருகிறேன்.

என் அக்கா வீட்டிலேயே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான். போன வருடம் அவருடைய லேப்டாப் ரொம்ப ஸ்லோ என்று ஒரு கடையில் கொடுத்தார். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாற்றி, ஃபார்மட் அடித்து, ஆபீஸும் ஒரு போட்டோ எடிட்டிங் மென்பொருளும் போட்டுக் கொடுத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. பத்து விநாடியில் திறந்துவிடுகிறது என்று அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் அவர் தன் இன்ஸ்டாகிராம் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ உள்ளே போய் பாஸ்வேர்டு, மெயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். அக்கா பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பி அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள். நான்கு பேர் பணம் போட்டுவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். அக்கா அன்றைக்கெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஓடிபியே வரலையேடா தம்பி. நான் யாருக்கும் எதுவும் சொல்லலையே.”

அவர் சொன்னது உண்மை. ஓடிபி வரவே இல்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

அன்று மாலை அந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது சொல்கிறது. வைரஸ் பாதுகாப்புக்கான செட்டிங்ஸுக்குள் போய், கடைசி வரை கீழே இறக்கி, ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற இடத்தைத் திறந்தேன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எந்தெந்த இடத்தைப் பார்க்கவே கூடாது என்று எழுதிவைக்கும் பட்டியல் அது. அதில் ஒரே ஒரு வரி. சி டிரைவ். ஒரு ஃபோல்டர் இல்லை, ஒரு ஃபைல் இல்லை, விண்டோஸே இருக்கும் முழு சி டிரைவும். பக்கத்திலேயே டவுன்லோட்ஸில், காசு கட்டாத விண்டோஸைக் கட்டியது போலக் காட்டும் ஓர் ஆக்டிவேட்டர், போட்டோ மென்பொருளைக் காசில்லாமல் ஓடவைக்கும் கிராக், இரண்டும் கிடந்தன. தேதி, கடையில் லேப்டாப் இருந்த அதே நாள்.

ஏன் இப்படிச் செய்யப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்டிவேட்டரைப் போட்டால் டிஃபெண்டர் பிடித்து அழித்துவிடும். வாடிக்கையாளர் இரண்டு நாளில் ‘ஆக்டிவேஷன் போயிடுச்சு’ என்று திரும்ப வந்து நிற்பார். ஆகவே டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிட்டால் தொல்லை இல்லை. கெட்ட எண்ணத்தோடு அந்தக் கடைக்காரர் செய்தார் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணைக் கட்டியது அந்த ஆக்டிவேட்டருக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அந்த மெஷினில் வந்து இறங்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது சுற்றும் உளவு மென்பொருள் பழைய மாதிரி இல்லை. பாப்-அப் காட்டாது, மெஷினை ஸ்லோ ஆக்காது. உள்ளே வந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிட்டுப் பல சமயம் தன்னையே அழித்துக்கொள்ளும். குக்கி போனால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தைச் சொல்வேன். டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். நீங்கள் ஒரு முறை ஓடிபி போட்டு உள்ளே போனதும் பிரவுசருக்குக் கிடைப்பது அந்த மாதிரி ஒரு டோக்கன். அதைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

கிராக் வழியாக இது வருவது என் கற்பனை இல்லை. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் உலவிய போலி ஆக்டிவேட்டர்களுக்குள் கிரிப்ட்பாட் என்ற, தகவல் திருடும் மென்பொருள் இருந்ததை எடுத்துக்காட்டியது. கேட்டது விண்டோஸ் ஆக்டிவேஷன், அதோடு ஒட்டி வந்தது திருடன். 2025 மே மாதம் லும்மா என்ற உளவு மென்பொருளின் வலையமைப்பை மைக்ரோசாஃப்டும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் உலகம் முழுக்க 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் அதற்கு இரையாகியிருந்தன. அது பரவிய வழிகளிலும் கிராக் மென்பொருள் ஒன்று.

உங்களில் மூத்தவர்களுக்கு விண்டோஸ் எக்ஸ்பி காலம் நினைவிருக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் டூல்பார் மேல் டூல்பாராக அடுக்கிப் பக்கம் தெரியாமல் போயிருக்கும். ஸ்பைபாட், ஆட்-அவேர் இரண்டையும் பென்டிரைவில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து கொடுத்தீர்கள். அந்த வேலைக்காகவே 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஜெயன்ட் என்ற சிறிய நிறுவனத்தை வாங்கியது. அவர்கள் செய்த ஆன்டிஸ்பைவேர்தான் பிறகு டிஃபெண்டர் ஆனது. விண்டோஸ் 8 முதல் முழு ஆன்டிவைரஸாகவே கூட வருகிறது. காசு கேட்காமல் வந்த காவலாளி. நீங்கள் அன்று கையால் செய்த வேலையை இன்று அது செய்கிறது. அதை வெளியே அனுப்பிவிட்டு மெஷினைக் கொடுப்பதுதான் என் மனதை அறுக்கிறது.

அக்கா லேப்டாப்பில் இன்னொன்றையும் பார்த்தேன். 2021இல் வாங்கியபோது அது விண்டோஸ் 10 ஹோமோடு வந்த மெஷின். அதாவது விண்டோஸுக்கான காசை அக்கா அன்றைக்கே லேப்டாப் விலையில் கட்டிவிட்டார். அப்படி விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்பில் அதன் கீ, அதாவது உரிம எண், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். எஸ்எஸ்டி மாற்றினாலும் போகாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிய ஒரிஜினல் விண்டோஸ் ஹோமைப் போட்டு, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் போட்டது ப்ரோ என்ற வேறு பதிப்பு, ஹோம் கீ அதற்குச் செல்லாது. எல்லா மெஷினுக்கும் ஒரே பென்டிரைவ், அதில் ப்ரோ, அதன் மேல் ஆக்டிவேட்டர். அக்காவிடம் சொந்தமாக இருந்ததை எடுத்துவிட்டுத் திருட்டுப் பொருளைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நான் ஹோமைப் போட்டேன். எந்த கீயும் கேட்கவில்லை. இதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

சரி, கீயே இல்லாத அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வந்தால்? ஆக்டிவேட் செய்யாத விண்டோஸும் ஓடும். பாதுகாப்பு அப்டேட் வரும், டிஃபெண்டர் வேலை செய்யும். மூலையில் ஒரு எழுத்து தெரியும், வால்பேப்பர் மாற்ற முடியாது, அவ்வளவுதான். அந்த எழுத்தைப் போக்குவதற்காகக் கிராக் போடுவதைவிட அந்த எழுத்தோடு கொடுப்பது எவ்வளவோ மேல். பழைய மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, தமிழிலேயே மெனு வரும். வீட்டுக் கணக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்டும் அதில் தாராளமாக நடக்கும்.

எனக்குத் தெரியும், இதை எல்லாம் கவுன்டரில் நின்று விளக்கிச் சொல்ல உங்களுக்கு நேரம் இல்லை. 500 ரூபாய்க்கு ஃபார்மட் கேட்டு, அதிலும் 100 குறைத்துக் கொடுத்துவிட்டு, ‘ஃபோட்டோஷாப்பும் போட்டுடுங்க’ என்று சொல்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். நீங்கள் மாட்டேன் என்றால் அடுத்த தெருவில் போடுவார்கள். இந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் எங்கள் மெஷினைப் பற்றி நீங்கள் சொன்னால் நாங்கள் கேட்போம். டாக்டர் சொன்னால் கேட்கிற மாதிரி கேட்போம். ‘இதைப் போட்டா உங்க மெயில், இன்ஸ்டா எல்லாம் போயிடும்க்கா’ என்று நீங்கள் ஒரு தடவை சொல்லியிருந்தால் அக்கா அந்த மென்பொருளே வேண்டாம் என்றிருப்பார்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் மட்டும் கேட்கிறேன். எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டில் பார்ப்பதற்காக எனிடெஸ்க் போட்டிருந்தால், நிரந்தர பாஸ்வேர்டோடு விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் உபயோகிக்கிற மெஷின் என்றால் அவர்களுக்கு அட்மின் இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள். அப்புறம், இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க’ விண்டோஸ் பட்டனையும் ஆர் (R) எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டச் சொல்லும் பக்கங்கள். என்டர் தட்டியவுடன் உளவு மென்பொருளை நாமே கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி. எந்த நல்ல தளமும் அப்படிக் கேட்காது என்று ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து மூடியில் ஒட்டிவிடுங்கள். உங்கள் கடை போன் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிற அதே இடத்தில் ஒட்டினால் போதும்.

அக்காவின் கணக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார். பணம் இழந்த நான்கு பேருக்கும் அவரே பிளவுஸ் தைத்துக் கொடுத்துவிட்டார், கூலி வாங்காமல். லேப்டாப் மூடியின் ஹிஞ்ச் ஒரு பக்கம் விட்டிருக்கிறது. அது என்னால் முடியாத வேலை. அடுத்த வாரம் உங்களில் ஒருவரிடம்தான் எடுத்து வருவேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்