அனுப்ப மாட்டேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நெடுநாளாகிவிட்டது. தாமதத்துக்கு நான் என்ன சாக்குச் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, ஆகையால் சொல்லவில்லை. இங்கு அனைவரும் நலம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலுடன் நீ வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டாய் என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள், நிம்மதியாக இருந்தது. ஆனால், இனித் தெருவில் நின்று வரைய இயலாது என்பதால் நான் எடுக்கும் தெருப் புகைப்படங்களை அனுப்பினால் அவற்றைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அவற்றை மட்டும் நான் அனுப்ப மாட்டேன். கஞ்சன் என்று திட்டிக்கொள். பள்ளிக் காலத்திலிருந்தே அந்தப் பட்டம் எனக்கு உண்டு.

காரணத்தைக் கேள். அண்மையில் ஒரு நடுப்பகலில், கடையொன்றின் முகப்பை வரைந்துகொண்டிருந்தேன். நிழலுக்குள் இருந்த படியின் மேற்புறம் வானத்தின் ஒளியை வாங்கி நீலம் பாரித்திருந்தது; அதே நிழலுக்குள், தலைக்கு மேல் நீண்டிருந்த தகரச் சாய்ப்பின் அடிப்புறமோ, வெயில் விழுந்த தரையிலிருந்து எழும்பிய ஒளியில் காவியாகக் கனன்றுகொண்டிருந்தது. யாரோ ஒரு சிவப்புக் குடையை விரித்தபடியே தரையில் வைத்துவிட்டுப் போக, சாய்ப்பின் விளிம்பு மெல்லச் சிவந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த இடம் முழுவதும் ஒரே கறுப்பு. நிழலைத் தெளிவாக எடுத்தால் வெயில் வெளுத்துப்போகிறது. இரண்டையும் காப்பாற்ற முனையும் புதிய கைப்பேசிகளோ, வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வேற்றுமையையே சுருக்கிவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துத் தீட்டியிருந்தால் கறுப்புக் குழாயைப் பிதுக்கியிருப்பேன். நேரில் பார்த்ததால், அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்து, சிறிது டைட்டானியம் வெள்ளை சேர்த்து, படிக்கு நீலத்தின் பக்கமும் சாய்ப்புக்குச் சியன்னாவின் பக்கமும் கலவையைச் சாய்க்க வேண்டும் என்று புரிந்தது.

அப்படியானால் வெளியே போக முடியாதவன் என்ன செய்வது என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. உனக்காகவே பிரெஞ்சு ஓவியர் காமில் பிஸாரோவை அழைத்து வருகிறேன். கண்ணீர்ப்பையில் திரும்பத் திரும்ப வந்த நோயால், காற்றிலும் தூசியிலும் நின்று வரைவது அவருக்கு முடியாமல் போயிற்று. 1897-இல் பாரிஸில் ஒரு விடுதியறையை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே ஓடிய பூல்வார் மோன்மார்த்ர் சாலையை 14 படங்களாகத் தீட்டினார். காலை, மாலை, பனிக்காலம், இளவேனில், திருவிழாக் கூட்டம் என்று அதே சாலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றுள் ஒன்று இரவுக் காட்சி. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. உனக்கு இன்னும் அவ்வளவு ஆகவில்லை என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன்.

உன் ஜன்னலில் இருந்து வரைவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சமதளத் தெருவில் நாம் நின்று பார்க்கும்போது, அருகில் நிற்பவர், தொலைவில் நிற்பவர் எல்லோருடைய தலைகளும் ஏறக்குறைய நம் கண்மட்டக் கோட்டிலேயே வரிசையாக அமையும். கால்கள்தான் ஏறி இறங்கும். மாடியிலிருந்து பார்க்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. எதிர்க் கட்டடத்தில் உன் கண்ணுக்கு நேராக இருக்கும் இடம் எதுவோ, அதுதான் உன் தொடுவானக் கோடு. தெரு முழுவதும் அதற்குக் கீழே கிடக்கும். மனிதர்கள் குறுகித் தலையும் தோளுமாகத் தெரிவார்கள். சாய்வெயிலில் அவர்களைவிட அவர்களுடைய நிழல்களே நீளமாக நடக்கும். ஆளுக்கு முகம் வைக்க முயலாதே, உன் பழைய வியாதி அது. ஒரு தலைப்புள்ளி, சட்டைக்கு ஓர் இழுப்பு, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இரண்டு கால்கள். அவ்வளவு போதும், அவன் நடந்துவிடுவான். ஓவியர் மோனே பாரிஸ் சாலையொன்றை மேலிருந்து பார்த்து இப்படிப் புள்ளிகளாக மக்களை வைத்தபோது, 1874-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் விமர்சகர் ஒருவர் கேலி செய்தார். நம் டிராயிங் மாஸ்டர் இருந்திருந்தால் பிரம்பையே எடுத்திருப்பார்.

வைத்த ஆள் பிடிக்கவில்லையென்றால் துணியால் துடைத்துவிடலாம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதனால் யோசிக்க உனக்கு நேரம் கிடைக்கும். அடி அடுக்கில் மட்டும் எண்ணெயைக் குறைத்து, மேலே போகப் போகக் கூட்டு. தலைகீழாகச் செய்தால் வெடிப்பு விடும். மின்கம்பிகளைக் கடைசியில், நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகையால், ஆங்காங்கே அறுபட விட்டுத் தீட்டு.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவும் உன்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். விளையாட்டாக எழுதியிருப்பாய் என்று தள்ளிவிட முடியவில்லை. வலியை நான் அளக்க முடியாது. ஆனால் ஒரே தெருவை நாள் முழுவதும் பார்க்கும் வாய்ப்பு நடந்து திரியும் எனக்கு இல்லை. ஓரிடத்தில் நான் படம் தாங்கும் ஈஸலை நிறுத்தி முடிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடுகிறது. உனக்கோ நாளை அதே நேரத்தில் வானம் தெளிவாக இருந்தால் அதே நிழல் ஏறத்தாழ அதே இடத்துக்கு வரும். காலைக்கு ஒரு கேன்வாஸ், மாலைக்கு ஒரு கேன்வாஸ் வைத்துக்கொள். ஆசைக்கு மூன்றாவதாக ஒன்று, மழை பெய்யும் நாளுக்கு. ஈரத் தார்ச்சாலையில் தெரியும் விளக்குகளின் பிரதிபலிப்புகளை நேர்கீழாக உன்னை நோக்கி இழு. அங்குமிங்கும் சாய விடாதே.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவிக்கும் உன் வழக்கத்தை விட்டுவிடு. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிக்குவியல் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வை. ஜன்னலையும் திறந்தே வை. டர்பெண்டைன் நாற்றத்துக்காகத் தங்கை யாரையாவது திட்ட வேண்டுமென்றால், என்னைத் திட்டச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்